பிள்ளைக்காம்பராவில் பாட்டிக்கும் ஓர் இடம்

ஹற்றன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கைக்குழந்தைக்காரி வேலைக்குப் போகும் வழியில் ஏறி இறங்கும் இடம் பிள்ளைக்காம்பரா. போர்வைக்குள் சுருட்டிய பிள்ளையை ஆயா வாங்கிக்கொள்வார். தாய் கூடையோடு மலைக்குப் போவாள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு கட்டடங்கள் திருந்தின, பெயரும் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றானது. ஆனால் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவது இன்றும் ஆயாவின் கைதான்.

அந்தத் தாயின் தாய்க்கு அப்படி ஓர் இடம் இல்லை. பல வீடுகளில் மகன் கொழும்பில் கடையில், மகள் குவைத்தில் வீட்டு வேலையில். லயம் என்ற வரிசை வீட்டுக் காம்பராவில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அம்மாயி. அம்மாயி விழுந்தால்? இமோ வீடியோ அழைப்பில் மகளின் முகம் தெரியும்; "மருந்து குடிச்சியாம்மா?" என்ற கேள்வியும் வரும். தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் பக்கத்துக் காம்பராக்காரிதான் வரவேண்டும்.

மகள் போவதற்கு விதி இருந்தது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகக்கூடாது என்று 2013இல் அரசாங்கம் கட்டுப்படுத்தியது. டொலர் தட்டுப்பாடு வந்த 2022இல் அந்த வயது 2 ஆகிவிட்டது! வீட்டில் இருக்கும் வயதானவரைப் பற்றி எந்த விதியும் கேட்கவில்லை.

இனி ரோபோ பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் ஜப்பானைக் காட்டுவார்கள். அங்கே என்ன நடந்தது? ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஒரு முதியோர் இல்லத்தில் தங்கிப் பார்த்து, 2023இல் நூலாக எழுதினார். ஆளைத் தூக்கும் 'ஹக்' என்ற இயந்திரத்தை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடாகி, சில நாளில் ஊழியர்கள் அதைக் கைவிட்டார்கள். கடல்நாய்க்குட்டி வடிவிலான 'பாரோ' பக்கத்தில் இல்லாவிட்டால் சாப்பிடவே மாட்டேன் என்று ஒரு மூதாட்டி பிடிவாதம் பிடித்தார். இன்னொருவர் அதன் தோலை உரிக்கப் பார்த்தார். இருவரையும் கண்காணிப்பது ஊழியருக்குக் கூடுதல் வேலை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த 'பெப்பர்' ரோபோவுக்குப் பக்கத்தில், அது செய்வதைத் தானும் செய்துகாட்ட ஒரு மனிதர் நிற்க வேண்டியிருந்தது. அதே ஜப்பான்தான் 2019இல் இலங்கையோடு ஒப்பந்தம் செய்து, முதியோர் பராமரிப்பு உட்படப் பல வேலைகளுக்கு இங்கிருந்து ஆள் எடுக்கச் சம்மதித்தது. ரோபோ செய்கிற நாட்டுக்கே கை போதவில்லை.

இயந்திரமே வேண்டாம் என்பதல்ல. 2016இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவை மலையகத்தில் பல உயிர்களுக்குத் துணை. அழைப்பு வந்த இடத்தைக் கருவி கண்டுபிடிக்கிறது. இறங்கி வந்து நாடி பிடிப்பவர் மனிதர். அம்புலன்ஸ் ஏற முடியாத லயத்திலிருந்து பாதை வரைக்கும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அயலவர்களே. அந்தப் பாதையைப் போட்டாலே பாதிச் சுமை இறங்கும்.

தோட்டங்களில் தொழிலாளர் தொகை குறைந்துவருவதால், கொழுந்து வெட்ட மெஷின் வருவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. மெஷின் மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு பங்கு லயத்துக்குத் திரும்பட்டும். பிள்ளைகள் குறைந்த பிள்ளைக்காம்பராவில் ஓர் அறையைப் பகலில் முதியோருக்குத் திறக்கலாம். பிரஷர் பார்க்கும் கருவியும் சுகர் பார்க்கும் கருவியும் இரண்டு சக்கர நாற்காலியும் அங்கே இருக்கட்டும். முழங்கால் தேய்ந்து மலை ஏற முடியாமல் போன, ஆனால் கை திடமாக உள்ள ஐம்பது வயதுப் பெண்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்குச் சம்பளத்தோடு முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுக்கலாம்.

செலவு என்றதும் கம்பனி அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் கம்பனியைக் காட்டும். பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குச் சம்பளம் போடும் தோட்ட நிர்வாகமே இவர்கள் பெயரையும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏற்றட்டும். ஜப்பானுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பராமரிப்புப் பயிற்சியை, தோட்டத்திலேயே நிற்கப்போகும் இந்த இருவருக்கும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கட்டும்.