ரயிலும் வேண்டும், கால்வாயும் வேண்டும்!

"ரயில் வேண்டுமா, மரம் வேண்டுமா? பாலம் வேண்டுமா, கால்வாய் வேண்டுமா?" என்று சிலர் நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பெறமுடியும் என்பது போலவும், உழைப்பவன் வாய் திறந்து கணக்குக் கேட்டால் அவன் முன்னேற்றத்துக்கே பகைவன் என்பது போலவும் கேட்கிறார்கள். நாம் சொல்கிறோம்: ரயிலும் வேண்டும், கால்வாயும் வேண்டும். இரண்டையும் காக்கத் தெரிந்தவன்தான் பொறியாளன். இரண்டையும் காக்கச் சொல்லி வற்புறுத்துபவன்தான் குடிமகன்.

முதலில் நம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம், தோழர்களே. பஸ்ஸும் ரயிலும் உழைப்பவனின் வாகனங்கள். விடியுமுன் கூடையோடு பூ வாங்கப் போகும் அம்மாவுக்கும், இரவு ஷிப்டு முடிந்து கண் எரிய வீடு திரும்பும் தொழிலாளிக்கும் வாசலில் கார் நிற்பதில்லை. ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போகிறார்கள். அந்த அறுபது பேரும் தனித்தனி வண்டியில் கிளம்பினால் சாலை அடைபடும், புகை மண்டும். அந்தப் புகையை முதலில் குடிப்பவன் யார்? கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ந்த காருக்குள் இருப்பவனா? இல்லை. சாலையோரத்துத் தள்ளுவண்டிக்காரன், சைக்கிளில் போகிறவன், பஸ் நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்பவன். ஆகவே புதிய தடங்கள் வரவேண்டும், விரைவாக வரவேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், நல்ல காரியம் என்பதற்காகக் கணக்குக் கேட்கக் கூடாதா? பள்ளிக்கூடம் கட்டுகிறேன் என்று ஊர்க்குளத்தைத் தூர்த்தால் நாம் கைதட்டுவோமா?

சென்னையின் பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பிறகு ஆந்திரக் கடலோரத்திலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நீர்வழி அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்த் துண்டு வெட்டப்பட்டது 1877-78இல். வெட்டியது யார்? பெரும் பஞ்சத்தில் பிழைக்க வழியின்றிப் பட்டணத்துக்கு வந்து, நிவாரணக் கூலிக்கு மண் சுமந்த ஏழைகள். கால்வாய்க்குச் சூட்டியது அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். வெட்டியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பஞ்சத்தில் மெலிந்த கைகள் வெட்டிய அந்தத் துண்டின் வழியேதான் நூறாண்டுக்குப் பிறகு பறக்கும் ரயில் வந்தது. 1995இல் சேப்பாக்கம் வரை ஓடியது. 1997இல் மயிலாப்பூர் எட்டியது. 2007இல் வேளச்சேரி சேர்ந்தது. ரயில் வந்ததில் குறையில்லை. வந்த இடம்தான் கேள்வி. தூண்கள் கால்வாய்க்குள் இறங்கின. நிலையங்கள் கால்வாயின் மேல் எழுந்தன. தண்ணீர் போகும் அகலம் சுருங்கியது.

ஏன் அங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள்? தனியார் நிலத்தை எடுத்தால் விலை கொடுக்கவேண்டும், வழக்கைச் சந்திக்கவேண்டும். கால்வாய்க்கு வக்கீல் கிடையாது. தண்ணீருக்குப் பட்டா கிடையாது. "சர்க்கார் நிலம்தானே, செலவு மிச்சம்" என்று கணக்குப் போட்டார்கள்.

செலவு மிச்சமானதா, தோழர்களே? 2015 டிசம்பரில் சென்னை மிதந்ததே, 2023 டிசம்பரில் மீண்டும் மிதந்ததே, அப்போது யாருடைய அரிசிப் பானை மிதந்தது? யாருடைய பிள்ளையின் பாடப் புத்தகம் சேறானது? அந்த வெள்ளத்துக்கெல்லாம் ரயில் தூண் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை; சொன்னால் அது பொய். ஏரிகள் மனைகளாயின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியது. மழைநீர் வடிகால்கள் அடைபட்டன. ஆனால் கூவம், அடையாறு, கொசத்தலை ஆகிய மூன்று ஆறுகளோடும் சேர்ந்து நகரத்தின் நீரைக் கடத்தவேண்டிய கால்வாயின் கழுத்தை நெரித்துவிட்டு, "வெள்ளம் இயற்கையின் சீற்றம்" என்று சொல்வது மட்டும் நேர்மையா? கட்டும்போது மிச்சம் பிடித்த பணத்தை ஒவ்வொரு பெருமழையிலும் ஏழை தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான். அந்தச் செலவு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏறவில்லை.

ஏறவேண்டும் என்பதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. பெயர் நீளம், பொருள் எளிது. கட்டுவதற்கு முன்பே தண்ணீர், காற்று, மண், மரம், மக்கள் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன நேரும் என்று எழுதிவை. வேறு வழி உண்டா என்று பார். பாதிக்கப்படுகிறவனைக் கூப்பிட்டுக் கேள். இதுதான் அதன் சாரம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் 1994இல் ஓர் அறிவிக்கை. அதற்குப் பதிலாக 2006இல் மற்றோர் அறிவிக்கை. எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2006 அறிவிக்கையில் பட்டியல் உண்டு. விமான நிலையம் அதில் இருக்கிறது. துறைமுகம் இருக்கிறது. நெடுஞ்சாலை இருக்கிறது. மலை ஏறும் ரோப்கார்கூட இருக்கிறது. ரயில் பாதை இல்லை! மெட்ரோ ரயில் இல்லை! மரத்துக்கு ஓர் அனுமதி, கடற்கரைக்கு ஓர் அனுமதி, காட்டுக்கு ஓர் அனுமதி என்று துண்டு துண்டாகக் கேட்பார்கள். முழுத் தடத்தையும் ஒரே கணக்கில் வைத்து, மக்களைக் கூட்டிக் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஏற்ற மதிப்பு 63,246 கோடி ரூபாய். இதற்குக் கடன் தரும் ஜப்பானிய நிறுவனமும் ஆசிய வங்கிகளும் "சுற்றுச்சூழல் அறிக்கை எங்கே?" என்று கேட்கின்றன. உடனே அறிக்கை தயாராகிறது, பக்கம் பக்கமாக, ஆங்கிலத்தில்! கடன் கொடுப்பவன் கேட்டால் கிடைக்கிற கணக்கு, கடனைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்போகிறவன் கேட்டால் கிடைக்கவேண்டாமா? வங்கிக்குச் சொல்லும் பதிலை வார்டு மக்களுக்குத் தமிழில் சொன்னால் ரயில் நின்றுவிடுமா?

நிற்காது. உண்மையில், கேட்காமல் செய்வதால்தான் நிற்கிறது. பம்பாய் மெட்ரோ மூன்றாம் தடத்தின் பணிமனைக்காக 2019 அக்டோபரில் ஆரே பகுதியில் இரவோடு இரவாக மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். 2,000 மரங்களுக்கு மேல் சாய்ந்தபின் உச்ச நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லிற்று. 2020இல் பணிமனையை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 2022இல் மறுபடி ஆரேக்கே கொண்டுவந்தார்கள். முதல் ரயில் ஓட 2024 ஆயிற்று. வேறு இடங்களை முன்கூட்டியே மக்கள் முன் வைத்து விவாதித்திருந்தால் இத்தனை இழுபறி நேர்ந்திருக்குமா? தாமதத்துக்குக் காரணம் கேள்வி அல்ல. கேள்விக்குப் பயந்த அவசரம்.

நம் ஊரிலேயே பாருங்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவர் திரு.வி.க. அவர் பெயரால் ஷெனாய் நகரில் ஒரு பூங்கா. அதன் அடியில் மெட்ரோ நிலையம் வந்தது. பூங்கா பத்தாண்டுக்கு மேல் மூடிக்கிடந்து 2023இல்தான் திறந்தது. ஒரு பிள்ளையின் விளையாட்டுப் பருவமே முடிந்துவிடுகிற காலம் அது! பங்களாவில் தோட்டம் வைத்திருப்பவனுக்குப் பூங்கா மூடினால் என்ன? ஒற்றை அறையில் குடியிருப்பவனுக்குத்தான் அது நுரையீரல்.

கணக்கு முழுமையாக வேண்டும் என்கிறோம். சிமெண்டைக் கணக்கில் சேர். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போதே வாயு கிளம்புகிறது. ஆகவே தூண் எழும்போதே கடன் ஏறுகிறது. ரயிலில் ஆள் நிறையும்போதுதான் கடன் அடைகிறது. கட்டணத்தை உயர்த்தி, காலிப் பெட்டிகளை ஓட்டினால் அந்தக் கடன் அடையாது. அப்படியானால் ஏழை ஏறக்கூடிய கட்டணமும் சுற்றுச்சூழல் கணக்கில் ஒரு வரிதானே? பள்ளம் தோண்டும் தூசியில் நாளெல்லாம் நிற்கும் வடநாட்டுத் தொழிலாளியின் நுரையீரலையும் சேர். கரையோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கி எறியப்பட்டவன், பழைய வேலைக்கு வரத் தினமும் போகும் நெடுந்தூரத்தையும் சேர்.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் எழுதவேண்டும். ரயில் கட்டாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை மோட்டார் சைக்கிள் கூடும், எவ்வளவு பெட்ரோல் எரியும், எத்தனை சாலையை அகலப்படுத்த எத்தனை மரம் விழும்? இதைக் கேளாமல், தன் தெருவில் இரைச்சல் வருகிறதே என்பதற்காக மட்டும் மரத்தைக் கட்டிப்பிடிக்கும் மூன்று கார்க்காரர்களும் உண்டு. அவர்களுடைய கண்ணீரில் நமக்குப் பங்கில்லை. அதிகச் செலவில்லாத வழியையும் கேட்போம்: புதுப்பாலத்துக்கு முன், இருக்கிற சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு தடம் ஒதுக்கினால் என்ன? அதற்கு மரம் வெட்டவேண்டாம். கார் நிறுத்துகிறவனின் சலுகையைத்தான் வெட்டவேண்டும். அதனால்தான் அதைப் பற்றிப் பேச மறுக்கிறார்கள்.

நம் கோரிக்கைகள் நான்கு. ரயிலையும் மெட்ரோவையும் அறிவிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். அறிக்கை முழுவதும் தமிழில் வரவேண்டும். உழைப்பவன் வரக்கூடிய நாளில், அவன் பகுதியிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவேண்டும். தண்ணீர் போகும் வழியில் தூண் நிறுத்தக் கூடாது. நிறுத்தியே தீரவேண்டுமானால், அடைத்த அகலத்தை வேறு பக்கம் வெட்டிக் கொடுத்த பிறகே நிறுத்தவேண்டும்.

தோழர்களே, உங்கள் வட்டத்தில் எங்கே தடம் வருகிறது என்று இன்றே விசாரியுங்கள். அந்தத் தெருவின் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அங்குள்ள முதியவர்களைக் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாததை அவர்கள் சொல்வார்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டம் போட்டுக் கேளுங்கள்.

பஞ்சத்தில் பட்டினியோடு மண் சுமந்தவன் வெட்டித் தந்த கால்வாய் அது. அவன் பேரன் ரயிலில் ஏறிப் போகட்டும். ஆனால், இறங்கி வீட்டுக்குப் போகும்போது அந்த வீடு தண்ணீருக்குள் இருக்கக் கூடாது!