டிரக்கிற்கு அலுமினியக் கவசம் தேவையா?

ரேடியோ கண்ட்ரோல் டிரக் கிட் வாங்குபவர்களில் பலர், பெட்டியைப் பிரித்து ஒரு ஸ்குரூகூட முடுக்குவதற்கு முன்பே, 'அலுமினியம் அப்கிரேட் செட்' ஒன்றையும் சேர்த்து ஆர்டர் செய்துவிடுகிறார்கள். நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் பாகங்கள். படத்தில் பார்க்க அருமையாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் உடையும், உலோகம் உடையாது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு என்பது என் கருத்து. டிரக்கை நீண்ட நாள் உழைக்க வைக்கும் அப்கிரேடுகள் உண்டு. ஆனால் அவற்றில் பல வெளியே தெரியாத இடத்தில் இருப்பவை, விலையும் குறைந்தவை.

பொம்மைக் கடை ரிமோட் கார் வேறு, இது வேறு. ஜப்பானின் டாமியா, அமெரிக்காவின் டிராக்ஸஸ் போன்ற நிறுவனங்களின் வண்டிகளில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். நம் அசெம்பிள்டு கம்ப்யூட்டரைப் போலத்தான். மோட்டார், அதற்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலர், முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, ரிசீவர், பேட்டரி ஆகியவை தனித்தனி. எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும். இந்த வசதிதான் செலவுக்கும் வழி வைக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கிய மறுவாரமே ராம், கிராபிக்ஸ் கார்டு என்று கை அரிக்கிறதல்லவா, அதே கதை.

டிராக்ஸஸ் நிறுவனம் 2008ல் கொண்டுவந்த 'ஸ்லாஷ்' டிரக்கை எடுத்துக்கொள்வோம். மண், கல், மேடு என்று எதிலும் ஓட்டுவதற்காக வந்த வண்டி. வேகமாகப் போகும்போது முன்சக்கரம் ஒரு கல்லில் மோதுகிறது. அந்த அடி முதலில் சக்கரத்தைச் சேஸிசுடன் இணைக்கும் 'ஆர்ம்' என்ற கைக்குப் போகிறது. பிளாஸ்டிக் ஆர்ம் சற்று வளைந்து அடியை வாங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடி மிக அதிகமானால் உடையும். உடைந்தால் பின்னை உருவிவிட்டுப் புது ஆர்ம் மாட்டலாம். பத்து நிமிட வேலை, சிறிய செலவு.

அந்த இடத்தில் அலுமினிய ஆர்ம் இருந்தால் என்ன ஆகும்? ஆர்ம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அடி எங்கேயும் மறைந்துவிடாது. அப்படியே உள்ளே இறங்கி, ஆர்மைத் தாங்கி நிற்கும் பாகத்தையோ, சேஸிசையோ பிளக்கும். அதை மாற்ற வண்டியின் முன்பாதி முழுவதையும் கழற்ற வேண்டும். வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைப் போட்டவர் கதைதான். ஃபியூஸ் போகவில்லை, வயரிங் போனது! போதாக்குறைக்கு, அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தாலும் பின் சரியாகச் சுழலாது, சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், காரணம் புரியாமல் நீங்கள் ரிமோட்டில் டிரிம் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

ஆர்மை மாற்றியே தீர வேண்டுமா? கிட்டில் வருவதைவிட நன்றாக வளைந்து கொடுக்கும் நைலான் ஆர்ம்களை வாங்குங்கள். ஆர்.பி.எம். என்ற அமெரிக்க நிறுவனம், உடைந்தால் மாற்றித் தருகிறோம் என்ற உத்தரவாதத்தோடு விற்றே இதில் பெயர் வாங்கியது. பளபளப்பு கிடையாது. வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். என்னைக் கேட்டால், ஒரு முழு அலுமினிய செட்டைவிட இந்த இரண்டு ஜோடி ஆர்ம்களே மேல்.

ஆனால் முதல் பணத்தை ஆர்மில்கூடப் போடாதீர்கள். பால் பேரிங்கில் போடுங்கள். டாமியாவின் 'லன்ச் பாக்ஸ்' என்ற வேன் உருவ டிரக் 1987ல் வந்தது, 2005ல் மறுபடியும் வெளியிடப்பட்டது. இதுபோன்ற பழைய வடிவமைப்புக் கிட்களில், சுழலும் அச்சுகளைத் தாங்க பிளாஸ்டிக் புஷ்களே பெரும்பாலும் தரப்படுகின்றன. கம்ப்யூட்டர் ஃபேன்களில் 'ஸ்லீவ் பேரிங்', 'பால் பேரிங்' என்று இரண்டு வகை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கும் அதே வித்தியாசம்தான். புஷ்ஷில் மண் புகுந்தால் அது உப்புத்தாள் போல அச்சைத் தேய்க்கும். துளை பெரிதாகும். அச்சு ஆடும். அச்சு ஆடினால் கியர் பற்கள் ஒன்றோடொன்று சரியாகக் கவ்வாது, கடைசியில் பற்கள் உதிரும். கியர் தரமில்லை என்று பழி மட்டும் கியர்மேல் விழும்.

டாமியா வண்டிகளில் மிகப் பரவலாகப் பயன்படுவது 5 மி.மீ. உள்விட்டமும் 11 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட பேரிங். உங்கள் மாடலுக்கு எந்த அளவில் எத்தனை வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஓட்டுவதென்றால் உலோக மூடி உள்ளதைவிட ரப்பர் மூடி உள்ளதே நல்லது. முக்கியமான விஷயம், கிட்டைப் பூட்டும்போதே இவற்றைப் போட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கியர் பாக்ஸை மறுபடி முழுதாகப் பிரிக்க வேண்டிவரும்.

அடுத்தது சர்வோ. சக்கரத்தில் விழும் அடி ஸ்டீயரிங் கம்பிகள் வழியாக இதற்குள் இருக்கும் மெல்லிய கியர்களுக்கு வந்து சேரும். உலோகக் கியர் சர்வோ வாங்குவது நியாயமான செலவுதான். ஆனால் அதற்கு முன் 'சர்வோ சேவர்' என்ற சிறு பாகத்தைக் கவனியுங்கள். அடி விழும்போது ஸ்பிரிங் போல விலகிக் கொடுத்து சர்வோவைக் காப்பாற்றுவது இதுதான். கிட்டில் வருவது தொளதொளவென்றிருந்தால் வலுவான ஒன்றை வாங்குங்கள். சர்வோ சேவரை நீக்கிவிட்டு இறுக்கமான அலுமினியக் கையைப் பொருத்துவது நான் பார்த்த அப்கிரேடுகளிலேயே மோசமானது.

அலுமினியமே கூடாது என்று சொல்லவில்லை. அடி வாங்காத, ஆனால் இறுக்கமோ சூடோ தாங்க வேண்டிய இடங்களில் அது நல்லது. மோட்டாரைப் பிடிக்கும் தகடு, ஆயில் ஷாக் அப்சார்பரின் மூடி ஆகியவை உதாரணம். பிளாஸ்டிக் மூடிகள் பலமாகக் குதிக்கும்போது கழன்று ஆயில் கொட்டிவிடும். பாறைகளில் ஆமை வேகத்தில் ஏறும் 'கிராலர்' வகைக்கும் வேறு நியாயம் உண்டு. அங்கே வேகம் இல்லை.

இத்தனையும் செய்துவிட்டு மோட்டாரை மாற்றினால் எல்லாம் வீண். 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிக்கும் சாதாரண 540 வகை மோட்டாருக்கும் கணக்கிட்டுச் செய்த கியரில், 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியையும் பிரஷ்லெஸ் மோட்டாரையும் இணைத்தால் கியர் என்ன செய்யும்? வேகம் கூடக்கூட மோதலின் வலிமை அதைவிட வேகமாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. லிப்போவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. மீறினால் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். உங்கள் ஸ்பீடு கண்ட்ரோலரில் லிப்போவுக்கான கட்-ஆஃப் வசதி இல்லையென்றால் நிக்கல் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் தாங்களே சார்ஜ் போடுபவர்கள் என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

செலவில்லாத அப்கிரேடு ஒன்று உண்டு, ஸ்குரூ டிரைவர். ஜப்பானியக் கிட்களின் ஸ்குரூ தலை நம் 'ஸ்டார்' ஸ்குரூ போலவே தெரியும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூவை மறுபடி போடும்போது முதலில் பின்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். 'டக்' என்று பழைய மரையில் விழுந்ததும் முடுக்குங்கள். திரெட் லாக் பசை உலோகத்தில் இறங்கும் ஸ்குரூக்களுக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதில் வேலை இருக்கிறது. கிட் வாங்கும் முன்பே அதன் கையேட்டை பி.டி.எஃப். ஆக டவுன்லோட் செய்து, பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தைப் பாருங்கள். எந்த பாகம் எதில் தொங்குகிறது, எது உடைந்தால் எதைக் கழற்ற வேண்டும் என்பது அதில் தெளிவாகத் தெரியும். 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பம்பர் போன்ற சிலவற்றைத் தாங்களே அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் ஆர்ம் அச்சடிக்காதீர்கள். அது வளையாமல் சட்டென்று முறியும். 60 டிகிரி வாக்கிலேயே இளகவும் தொடங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் இருந்தாலே உருமாறிவிடும்.