ஏழு நாள், ஒரு பை, ஒரு தாள்

வாற மே மாதக் கடைசியில் ஒரு கிழமை நான் தனிய மலைக்குப் போகிறேன். இதை வீட்டில் சொன்ன அன்றைக்கு அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டா:

"என்ன பிள்ளை, அவரோட ஏதும் பிரச்சினையே?"

பிரச்சினை ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் இவர் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

எங்கள் வீடுகளில் "தனிய" என்ற சொல்லுக்கு நல்ல அர்த்தம் கிடையாது. தனிய இருக்கிறா என்றால் புருஷன் இல்லை. தனிய வந்தவன் என்றால் குடும்பம் ஊரில் மாட்டுப்பட்டுக் கிடக்குது. தனிய விட்டிட்டுப் போட்டான் என்றால் அதற்கு மேல் கதைக்கத் தேவையில்லை. ஆசைப்பட்டுத் தனியப் போவதற்கு அம்மாவிடம் ஒரு சொல் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னிடமும் இருக்கவில்லை.

எனக்கு 41 வயது. ஆறு வயதில் பலெர்மோவுக்கு வந்தேன். பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு அறை வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரோடும் வளர்ந்தேன். அங்கிருந்து கலியாணம், பிறகு இரண்டு பிள்ளைகள். யோசித்துப் பார்த்தால், ஒரு இரவுகூட நான் தனியப் படுத்தது இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் இதை நினைத்த பிறகு மறக்க முடியவில்லை.

முதல் கேள்வி, எங்கே போவது? சிசிலியில் சட்டப்படி "தேசியப் பூங்கா" என்று இருப்பது ஒன்றே ஒன்று, பந்தெல்லேரியா தீவு. 2016இல் அறிவித்தார்கள். அது சிசிலியை விடத் துனிசியாவுக்குத்தான் கிட்ட. அவசரமென்றால் கப்பலோ விமானமோ பார்த்துத்தான் வீட்டுக்கு வர வேண்டும். எத்னா, மதோனியே, நெப்ரோதி மூன்றும் பிராந்தியப் பூங்காக்கள். எத்னாவில் எரிமலை நினைத்தால் பாதையை மூடிவிடுவார்கள். நான் மதோனியேயைத் தெரிந்தேன். 1989இல் பூங்காவாக்கிய சுமார் 40,000 ஹெக்டேயர் மலைநிலம். அங்கேயுள்ள பிற்சோ கர்போனாரா 1,979 மீற்றர், எத்னாவுக்கு அடுத்ததாகச் சிசிலியில் உயர்ந்த சிகரம். எல்லாவற்றையும் விட, எனக்கு ஏதும் நடந்தால் இவர் காரை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வந்து சேரலாம்.

எப்போது போவது? ஜூலை, ஓகஸ்ட் கூடாது. 2023 ஜூலையில் பலெர்மோவைச் சுற்றியிருந்த மலைகள் எரிந்ததையும் விமான நிலையத்தை மூடினதையும் இங்கே இருக்கிற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மே கடைசியில் வெயிலும் அளவு, காடும் பச்சை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். அதுவும் நல்லதுதான். லீவு நாளில் பிள்ளைகளைப் பார்ப்பதை விடப் பள்ளி நாளில் பார்ப்பது இவருக்கு லேசு.

ஆறு இரவு, மூன்று இடம். முதலில் ரயிலில் செபலூ, ஒரு மணித்தியாலப் பயணம். அங்கிருந்து பஸ்ஸில் கஸ்தெல்புவோனோ, இரண்டு இரவு. மேலே பியானோ போமோவில் மாமரம் அளவுக்கு உயர்ந்த, சில நூறு வயதான ஹொலி மரங்கள் நிற்கின்றன. நத்தார் வாழ்த்து மடலில் இருக்குமே, முள்ளிலையும் சிவப்புப் பழமும், அதே மரம்தான். பிறகு பியானோ பத்தாலியாவில் மலைவிடுதியில் இரண்டு இரவு. அங்கே போக பஸ்ஸை நம்பக் கூடாது. விடுதிக்காரரிடம் முதலே கார் கேட்டு வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு இரவும் பெத்ராலியா சொத்தானா, அங்கிருந்து பஸ்ஸில் வீடு. போலிற்சிப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு வகை பைன் குடும்ப மரம் இருக்கிறது. உலகத்திலேயே இயற்கையாக அங்கே மட்டும்தான், வளர்ந்த மரங்கள் வெறும் முப்பது அளவில். அதையும் ஒரு நாள் பார்க்க வேண்டும். கூடாரம் கொண்டு போகவில்லை. பூங்காவுக்குள் விரும்பின இடத்தில் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள். எனக்கும் அவ்வளவு துணிச்சல் இல்லை.

வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தபோது அம்மா வந்து பார்த்தா. வாசிக்கத் தெரியாது, ஆனால் பார்த்தா. "உது என்ன மலை? கருங்கல்லோ?" என்று கேட்டா. சுண்ணாம்புக்கல் என்றேன்.

"அப்ப மேல தண்ணி நிக்காது" என்றா உடனே. "ஊரிலயும் அப்பிடித்தானே. மழை பெய்யும், எல்லாம் கீழ இறங்கீடும். ஆறு எண்டு ஒண்டு இருக்கே யாழ்ப்பாணத்தில? கிணறு வெட்டித்தானே குடிச்சம்."

நான் இணையத்தில் இரண்டு இரவு வாசித்துக் கண்டுபிடித்த விஷயம் இது. மதோனியேயின் உச்சிப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் குழிகளுக்குள்ளும் வெடிப்புகளுக்குள்ளும் இறங்கிப் போய் அடிவாரத்தில் ஊற்றாக வரும். உச்சியில் நடக்கிற நாளில் தண்ணீர் தோளில்தான் வர வேண்டும். ஒரு நாளுக்கு மூன்று லீற்றர் என்று எழுதிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அம்மா என் பயணத்தைத் தன் கையில் எடுத்துவிட்டா. 1987 ஒக்ரோபரில், இந்தியன் ஆமி யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது, மூன்று வயது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்லூர்க் கோயிலுக்கு நடந்தவ அவ. அந்த நடையிலிருந்து அவவுக்கு மூன்று சட்டங்கள் இருக்கின்றன. பத்திரங்கள் பிளாஸ்ரிக் பையில் சுற்றி உடம்போடு இருக்க வேண்டும், தோள்பையில் அல்ல. மாற்றுடுப்பு ஒன்று போதும். காலைக் கெடுத்தால் எல்லாம் கெட்டுப்போகும். அன்றைக்கு அவவின் செருப்பு வார் பாதி வழியில் அறுந்ததாம்.

"சப்பாத்து புதுசோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அப்ப முதல் இங்க நடந்து பார்."

அதனால் போன ஞாயிறு முழுப் பையையும் தூக்கிக்கொண்டு மொந்தே பெல்லெகிரீனோவில் ஏறினேன். அம்மாவும் வந்தா. 600 மீற்றர் உயர மலை. மலையில் உள்ள குகையில் சாந்தா ரொசாலியா. பலெர்மோத் தமிழருக்கு அந்த இடத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக ஏறுகிற மலை. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுகிற எங்கள் ஆட்களைப் பார்த்து இத்தாலிக்காரர் வழி விடுவார்கள்.

மூன்றாவது வளைவில் அம்மா மூச்சு வாங்க இருந்தா. கீழே நகரம், அதற்கப்பால் கடல். அப்போதுதான் சொன்னா. வந்த புதிதில் ஒரு சின்யோராவின் வீட்டில் வேலை செய்த காலத்தில், வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. ஞாயிறு எல்லோரோடும் மலைக்கு வருவா. சில வியாழன்களில் கடைக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, தனிய இந்த மலையில் ஏறி, இருந்துவிட்டு, இறங்கி வருவாவாம்.

"நேர்த்தியோ அம்மா?"

"ஒண்டுமில்லை. சும்மா. ஒருத்தரும் கூப்பிடாத இடத்தில கொஞ்ச நேரம் இருக்க."

பொய் சொல்லிவிட்டுப் போனது மட்டும் பிழை என்றா. "நீ சொல்லிப்போட்டுப் போ. எங்க, எத்தினை மணிக்கு, எல்லாத்தையும் எழுதி வைச்சிட்டுப் போ." அவ காலத்தில் விழுந்து கால் முறிந்திருந்தால் எங்கே தேடுவது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் எந்தப் பாதை, எங்கே படுக்கை, விடுதிக்காரரின் தொலைபேசி எண். பின்னேரம் 7 மணிக்கு நான் வீட்டுக்கு எடுப்பேன். 9 மணி வரை எடுக்காவிட்டால் முதலில் விடுதிக்கு அழைப்பு, அவர்களுக்கும் தெரியாவிட்டால் 112. மலையில் போன் பிடிக்காத இடம் உண்டு, அதனால் 8 மணிக்கு அழுது குளறத் தேவையில்லை என்றும் எழுதினேன். சிவப்பு வெள்ளைக் குறி போட்ட பாதையை விட்டு விலக மாட்டேன், புகார் இறங்கினால் வந்த வழியே திரும்புவேன் என்று இரண்டு வாக்குறுதி. உங்களில் யாராவது இப்படிப் போக நினைத்தால், பைக்கு முதல் இந்தத் தாளை எழுதுங்கள். "தனிய" என்ற சொல்லுக்கு வீட்டில் இருக்கிற பயத்தில் பாதி, அதில் எண்களும் நேரங்களும் ஏறியவுடன் இறங்கிவிடுகிறது.

மற்றப் பாதி இறங்கவில்லை. தாளை ஒட்டின அன்றைக்கு என் 14 வயது மகள் அதை முழுக்க வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, அப்ப பதினெட்டு வயசில நானும் தனியப் போகலாம்தானே?"

"அதைப் பிறகு பாப்பம்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அம்மாவின் குரல். அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. ஓம் என்று சொல்ல நான் முதலில் போய்த் திரும்பி வர வேண்டும். அதுவரைக்கும் தாளை அவளுடைய பொறுப்பில் விட்டிருக்கிறேன். 7 மணி அழைப்பை எடுக்கப் போகிறவள் அவள்தான். 9 மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். பிழையில்லை.

போட்டு வந்து எழுதுறன்.