வாக்குமூலம் தயாரிப்பது எப்படி?

கேள்வி கேட்கச் சொல்லித் தருவதையே தொழிலாக்கி, கொடிகட்டிப் பறந்தவர் ஜான் ரீட். சிகாகோ போலீஸில் இருந்தவர். 1947-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அடி, உதை வேண்டாம். பேசியே உண்மையை வரவழைக்கலாம் என்றார். லாக்கப் அடிக்குப் பழகியிருந்த அமெரிக்காவில் அது பெரிய முன்னேற்றம்தான். மறுக்கவில்லை.

ஆனால், எப்படிப் பேசுவதாம்? முதலில், 'நீதான் செய்தாய்' என்று அடித்துச் சொல்ல வேண்டும். மறுத்தால் பேசவே விடக் கூடாது. பிறகு குரலைத் தணித்து, 'உன் நிலைமையில யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க' என்று தடவிக் கொடுக்க வேண்டும். கடைசியில் தூண்டில்: 'திட்டம் போட்டுச் செஞ்சியா, ஆத்திரத்துல செஞ்சியா?' எந்தப் பதில் சொன்னாலும் ஆள் காலி!

நான் படித்தது பி.காம். லாபத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக பில் தேடுவதற்கு எங்கள் பாஷையில் தணிக்கை என்று பெயர் இல்லை. மோசடி என்று பெயர்.

1955 டிசம்பர். நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகரம். நகராட்சியில் மரங்களைப் பராமரிக்கும் அதிகாரி டாரல் பார்க்கர், மதியம் வீட்டுக்கு வந்தால் மனைவி கொலையாகிக் கிடக்கிறார். விசாரிக்க ரீடை வரவழைத்தார்கள். மணிக்கணக்கான விசாரணையில் நொறுங்கிப்போன மனிதர், 'நான்தான்' என்று சொல்லிவிட்டார். மறுநாளே 'இல்லை' என்று கதறினார். யார் கேட்டது? ஆயுள் தண்டனை. ரீடின் புகழ் ஏறியது. 1962-ல், சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து பாடப்புத்தகமும் போட்டார்.

'அந்தக் கொலையைச் செய்தது நான்' என்று வெஸ்லி பீரி என்பவர் தன் வக்கீல்களிடம் சொல்லியிருந்தது, அவர் இறந்த பிறகு, 1988-ல்தான் வெளியே வந்தது. 1975-ல் அதே லிங்கனில் இன்னொரு பெண்ணைக் கொன்று மரண தண்டனை பெற்றவர் இந்த பீரி. 2012-ல் அரசு, பார்க்கரை நிரபராதி என்று ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் கொடுத்தது. 56 வருஷம் கழித்து!

'முறையைத் தப்பாகப் பயன்படுத்தினால்தான் பொய் வாக்குமூலம் வரும்' என்பது அந்த நிறுவனம் சொல்லும் சமாதானம். சரி சார்... பார்க்கரை விசாரித்தது அரைகுறை மாணவரா? சாட்சாத் வாத்தியாரே அல்லவா!

மாற்று வழி இல்லாமல் இல்லை. கில்ட்ஃபோர்டு குண்டுவெடிப்பு வழக்கில் பொய் வாக்குமூலங்களால் 15 வருஷம் சிறையில் இருந்த நால்வர் 1989-ல் விடுதலையானார்கள். இதுபோன்ற வழக்குகளில் சூடுபட்ட பிரிட்டன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 'பீஸ்' என்ற முறைக்கு மாறியது. ஆளைப் பேச விடு, முழுசாகக் கேள், சொன்னதை ஆதாரத்தோடு ஒப்பிடு, பொய் சொல்லாதே. அவ்வளவுதான். அங்கே குற்றவாளிகள் யாரும் பிடிபடாமலா போய்விட்டார்கள்? சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலமே, சிறுவர்களிடம் பொய் சொல்லி விசாரிக்கக் கூடாது என்று 2021-ல் சட்டம் போட்டுவிட்டது. பெரியவர்களிடம் மட்டும் சொல்லலாமா?

எத்தனை வாக்குமூலம் வாங்கினார் என்று எண்ணி விசாரணை அதிகாரிக்குக் கைதட்டுவதை நிறுத்துங்கள். முதல் கேள்வியிலிருந்தே கேமரா ஓடட்டும். அப்பாவி உள்ளே போவது கணக்கில் ஒரு பக்கம்தான். கொலைகாரன் வெளியே திரிவது மறுபக்கம். 1975-ல் செத்த அந்தப் பெண்ணை எந்தப் பக்கத்தில் எழுதுவது?