இருந்து காணும் இடங்கள்

ஊர் காணப் புறப்படுவோர் பலர் ஓய்வை நாடிச் சென்று களைப்போடு திரும்புகின்றனர். ஒரு நாளில் ஐந்து ஊர். ஓர் ஊரில் அரை நாழிகை. கண்டவை யாவை என்று வினவினால், உண்ட இடங்களே அவர்கள் நினைவுக்கு வருகின்றன!

ஜப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவில் இவ்வாறு விரைந்து பயனில்லை. அங்கே ரியோவான்ஜி என்னும் புத்தக் கோயிலில் ஒரு தோட்டம் உண்டு. அதில் மலரும் இல்லை, நீரும் இல்லை. வரிவரியாக வாரிவிட்ட வெண்சரளையின்மீது 15 கற்கள் கிடக்கின்றன. எதிரேயுள்ள திண்ணையில் எங்கு அமர்ந்து நோக்கினாலும் ஒரு கல்லாவது மறைந்தே இருக்கும். வந்தவர் இடம் மாறி அமர்ந்து மீண்டும் நோக்குவர். சிறிது நேரத்தில் எண்ணுவதையும் விட்டுவிட்டு வாளா இருப்பர். நகரின் கிழக்கே, மலையடிவாரத்துக் கால்வாயின் கரையில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று செல்கிறது. நிஷிதா கிதாரோ என்னும் பேராசிரியர் சிந்தித்தவாறே அவ்வழியில் உலவியமையால், ‘மெய்யறிஞர் பாதை’ என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. இளவேனிலில் செர்ரி மலர்கள் அக்கால்வாய் நீரில் உதிர்ந்து மிதந்து செல்லும்.

அந்நகரிலேயே நிஷிஜின் என்னும் பட்டு நெசவாளர் பகுதியும் இருக்கிறது. 1872ஆம் ஆண்டில் அங்கிருந்து மூவர் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குச் சென்று, ஜக்கார்டு தறியின் நுட்பத்தைக் கற்றனர். சேலையில் பூவும் கொடியும் எழுவதற்கு ஆரணித் தறிகளின்மேல் பூட்டப்படுவதும் அவ்வகைப் பொறியே. நிஷிஜினைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு ஆரணித் தெருக்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஆரணிக்கு வருவோர் சேலை வாங்குகின்றனர்; உடனே வண்டி ஏறிவிடுகின்றனர். பாவும் ஊடையும் கூடும் விந்தையைத் தறியின் அருகில் நின்று காண்பவர் மிகச் சிலர்.

காண்பதற்கு ஆரணியின் சுற்றுப்புறத்தில் குறைவுண்டோ? போளூர் செல்லும் வழியில், வடமாதிமங்கலத்தை அடுத்துத் திருமலை இருக்கிறது. முதலாம் இராசராச சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த சமணக் கோயிலும், பழைய ஓவியங்களும் அங்கே உள்ளன. பாறையில் செதுக்கப்பட்ட நேமிநாதர் திருவுருவம் ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடையது. அதன் அடியில் நின்று நிமிர்ந்து நோக்குவோர்க்குப் பேசத் தோன்றாது. மாலைவரை அங்கே அமர்ந்திருக்கலாம். நானறிந்த அளவில் அவ்வாறு அமர்வோர் அரியர். தேவிகாபுரத்துப் பெரியநாயகி கோயிலின் சிற்பத் தூண்களும், படவேட்டின் வயல்களும் மலைகளும் இதே வகையின.

பூசிமலைக்குப்பத்தின் நிலை வேறு. மராட்டிய மரபினரான ஆரணி ஜாகீர்தார்கள் ஐரோப்பியப் பாணியில் எழுப்பிய மாளிகை அங்கே பல்லாண்டுகளாகச் சிதைந்து கிடக்கிறது. சுவர் வெடிப்புகளில் செடிகள் வேரூன்றின. பார்க்க வருவோரிற் சிலர் சுவரில் தம் பெயரைக் கீறிச் செல்கின்றனர். இஃது எத்தகைய பெருமை என்பது எனக்கு விளங்கவில்லை. இடிந்தது இடிந்ததுதானே என்று சொல்வாரும் உளர்.

அவர்களுக்கு ஜப்பானே விடை கூறும். 1949இல் ஹோரியூஜி கோயிலின் பழஞ்சுவரோவியங்கள் தீயில் கருகின. அந்நாட்டு மக்கள் வருந்தியதோடு அமையவில்லை. மறு ஆண்டிலேயே பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. அதே 1950இல் எரிந்துபோன கியோத்தோவின் பொற்கோயிலையும் 1955இல் மீண்டும் எழுப்பினர். அச்சட்டம் கட்டடங்களோடு கைத்திறனையும் காக்கிறது. சிறந்த நெசவாளரும் அதனால் நாட்டின் செல்வமாக மதிக்கப்படுகின்றனர்.

ஆரணிக்குப் பொற்கோயில் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. பூசிமலைக்குப்பத்து மாளிகையின் எஞ்சிய சுவர்கள் விழாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். செடிகளை வேரோடு களைய வேண்டும். காவலர் ஒருவர் வேண்டும். திருமலையில் வெயிலுக்கு ஒதுங்கி அமர நிழலும் குடிநீரும் போதும். நெசவாளர் இசைந்தால், தெருவுக்கு ஒரு வீட்டில் வருவோர் தறியருகே அமர்ந்து காண ஒரு பலகை போடலாம். அதற்கு அவர் சிறு கட்டணமும் பெறலாம். அடுத்த விடுமுறையில் மாணவர்கள் இவற்றுள் ஓரிடத்துக்கு மட்டும் சென்று, கட்டுச்சோற்றை அங்கேயே உண்டு, பொழுது சாயும்வரை இருந்து வரட்டும்.