மின்சாரப் பல்துலக்கி வேண்டுமா?

தில்லி நடைபாதையில் கட்டுக்கட்டாக விற்கும் கீக்கர் குச்சி நம்மூர்க் கருவேலங்குச்சியேதான். அதைத் தாண்டி விடுதி நண்பர்கள் மின்சாரப் பல்துலக்கிக்குப் போவதை ஆடம்பரம் என்று நான் ஏசமாட்டேன். 1954-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இக்கருவி, மூன்று மாதமும் அதற்கு மேலும் பழகியோரிடம் பல்லழுக்கைக் கைத்துலக்கியைவிட 21 விழுக்காடு குறைத்ததாக 2014-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுரை கூறுகிறது.

ஆனால் வாங்கும் விலையா பெரிது? மூன்று மாதத்திற்கொரு முறை தலைப்பகுதியை மாற்றியாக வேண்டும். வீட்டுப் பணத்தை எதிர்நோக்கி நாட்களை எண்ணும் மாணவனுக்கு அதுவன்றோ சுமை! தேய்ந்த தூரிகையை மோட்டார் சுழற்றி என்ன பயன்? ஆகவே, மாற்றுத் தலை எளிதில் கிடைக்குமா என்று விசாரித்தபின் கருவியை வாங்குங்கள். இரண்டு நிமிடக் கணக்கும், அழுத்தினால் எச்சரிக்கும் அமைப்பும் இருந்தால் போதும். அலைபேசியோடு பேசும் துலக்கி பல்லுக்கா, பெருமைக்கா?