மூட்டைக்குள் வேறு சரக்கு!
பண மசோதா தகராறு

விழுப்புரம் தொகுதி மக்கள் லோக்சபைக்கு ஒரு மெம்பரை அனுப்புகிறார்கள். திண்டிவனமும் அதே தொகுதிதான்.

ராஜ்ய சபைக்கு மக்கள் நேராக ஓட்டுப் போடுவது இல்லை. விழுப்புரம், திண்டிவனம் எம்.எல்.ஏ.க்கள் உள்பட எல்லா எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்து, தமிழ்நாட்டுக்கு உரிய 18 மெம்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சட்டம் செய்ய இரு சபைகளின் சம்மதமும் வேண்டும். பண மசோதாவுக்கு மட்டும் விதிவிலக்கு. வரியும் சர்க்கார் செலவும் தாமதப்படக் கூடாது அல்லவா? அதனால் ராஜ்ய சபை அதை 14 நாள் வைத்திருக்கலாம், யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது.

2017-ம் ஆண்டு நிதி மசோதாவில் வரி மட்டும் இல்லை. கட்சிகளுக்கு ரகசியமாக நன்கொடை கொடுக்கும் தேர்தல் பத்திரத்துக்கும் அதில் வழி செய்திருந்தார்கள். தீர்ப்பாயங்களையும் மாற்றி அமைத்தார்கள்.

இது ராஜ்ய சபையை ஓரம் கட்டும் வேலை என்றன எதிர்க்கட்சிகள். எது பண மசோதா என்பதில் சபாநாயகர் முடிவே இறுதியானது என்றது சர்க்கார். ராஜ்ய சபை 5 திருத்தங்கள் செய்தது. மறுநாளே லோக்சபை அத்தனையையும் தள்ளிவிட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. எது பண மசோதா என்ற கேள்வியை 2019-ல் 7 நீதிபதிகள் விசாரணைக்கு அனுப்பினார்கள். 2024 பிப்ரவரி 15-ந் தேதி தேர்தல் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் 6 ஆண்டுகள் பத்திரங்கள் விற்றாகிவிட்டன!

ஆளும் கட்சி மாறலாம். இந்தக் கேள்வி மாறாது. திண்டிவனம் மண்டியில் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் நெல் வாங்குவது இல்லை. சட்டத்தைப் பிரித்துப் பார்க்கத்தான் இரண்டாவது சபை இருக்கிறது.